தங்கம் கம்மி, வேலை அதிகம்: கார்ல் ஃபபெர்ஜேயின் கதை

போன செமஸ்டர் லீவுல ஒரு நாள், சூலூர்ல பஸ் ஏறி உக்கடத்துல இறங்கி, அங்கிருந்து செல்வபுரம் போனேன். என் ரூம்மேட்டோட அப்பாவுக்கு அங்க நகைப்பட்டறை. சின்ன ரூம்தான். ஆறு பேர் உட்கார்ந்து வேலை செய்யறாங்க. ஒருத்தர் கல் பதிக்கிறார், இன்னொருத்தர் பற்றவைக்கிறார். அவங்க செய்யற நகை பெரிய கடைக்குப் போகும். கடைக்காரர் பேர் பெட்டியில இருக்கும், பையில இருக்கும், பில்லுலயும் இருக்கும். செஞ்சவர் பேர் எங்கயும் இருக்காது. இதுல போதாக்குறைக்கு செய்கூலி இல்லை, சேதாரம் இல்லைன்னு விளம்பரம் வேற. கூலியே இல்லாம யார் செஞ்சாங்கன்னு அன்னைக்குத்தான் முதல்முறையா யோசிச்சேன்.

அந்த யோசனையோட ஹாஸ்டல் வந்து படிக்க ஆரம்பிச்சப்ப கிடைச்ச ஆள்தான் கார்ல் ஃபபெர்ஜே. ரஷ்யச் சக்கரவர்த்திகளின் நகைக்காரர். ஈஸ்டர் முட்டைகளுக்குப் பேர் போனவர். ஆனா என்னைப் பிடிச்சு நிறுத்தினது முட்டை இல்லை, உள்ளங்கையில அடங்கற ஒரு போட்டோ ஃபிரேம். அதை வெச்சே அவர் கதையைச் சொல்றேன்.

ஒரு சிவப்பு இதயம்

1897 ஈஸ்டர். ரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் நிக்கோலஸ் தன் அம்மா மரியா ஃபியோதரோவ்னாவுக்கு ஊதா நிறத்தில் ஒரு முட்டை கொடுத்தார். முட்டைக்குள்ள ஒரு படச்சட்டம். இதய வடிவம், ஸ்ட்ராபெர்ரி சிவப்பில் எனாமல், அதன் மேல வைரங்களாலேயே 1897 என்று எழுத்து. மூடியிருக்கும்போது வெறும் இதயம். திறந்தா மூணு இலையா விரியும். ஒவ்வொரு இலைக்குள்ளும் ஒரு சின்ன ஓவியம்: நிக்கோலஸ், மனைவி அலெக்ஸாண்ட்ரா, அவங்க முதல் குழந்தை ஓல்கா. அப்போ ஓல்காவுக்கு ஒன்றரை வயசுகூட ஆகலை. பாட்டிக்கு மகன், மருமகள், பேத்தி மூணு பேரும் ஒரே சட்டத்துல.

நம்ம வீட்டு ஹால்ல மாட்டியிருக்கற குடும்ப போட்டோ மாதிரிதானே? ஆமா, அதேதான். ராஜ குடும்பமா இருந்தாலும் பாட்டிக்கு வேணுங்கறது பேத்தி படம்.

பேஸ்மென்ட் கடைப் பையன்

கார்ல் ஃபபெர்ஜே பிறந்தது 1846 மே 30, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில். குடும்பத்தின் வேர் பிரான்ஸ். அங்கே புராட்டஸ்டன்ட்களுக்கு மத நெருக்கடி வந்தப்ப ஊரைவிட்டுக் கிளம்பின முன்னோர்கள், தலைமுறை தலைமுறையா நகர்ந்து பால்டிக் கரையில், இன்றைய எஸ்டோனியாவில் போய் நின்றார்கள். அப்பா குஸ்தாவ் அங்கிருந்து தலைநகருக்கு வந்து தொழில் கத்துக்கிட்டு, 1842-ல் போல்ஷாயா மோர்ஸ்காயா தெருவில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் நகைக்கடை போட்டார். சுமாரான கடை. நல்ல வியாபாரம், ஆனா யாரும் திரும்பிப் பார்க்கற அளவுக்கு ஒண்ணும் இல்லை.

1860-ல் குஸ்தாவ் கடையை நம்பிக்கையான ஆட்களிடம் விட்டுட்டு, ஜெர்மனியின் டிரெஸ்டனுக்குக் குடிபோனார். கார்லின் படிப்பு அங்கே தொடர்ந்தது. வணிகம் படிச்சான், ஃபிராங்ஃபர்ட்டில் ஒரு பொற்கொல்லரிடம் வேலை கத்துக்கிட்டான், பாரிஸ், ஃபுளோரன்ஸ்னு சுத்தினான். டிரெஸ்டனில் பழைய மன்னர்களின் கருவூலமான பசுமை மாடத்தில் அவன் பார்த்த எனாமல் வேலைகளும் கல் வேலைகளும் கடைசி வரைக்கும் அவன் மனசுல இருந்தன.

1872-ல் ஊர் திரும்பி, கல்யாணம் பண்ணி, கடைப் பொறுப்புக்கு வந்தார். ஆனா உடனே பெரிசா ஒண்ணும் நடக்கலை. பத்து வருஷம் ஒரு வேலை செஞ்சார். ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்துக்குப் போய், அங்க இருந்த பழங்கால நகைகளைச் சரிசெய்து கொடுத்தார், அதுவும் கூலி வாங்காமல். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின தங்க வேலையைக் கையில் எடுத்து, எங்க பற்றவைச்சிருக்கான், எப்படி முறுக்கியிருக்கான்னு பார்க்கற வாய்ப்பு அது. இன்டர்ன்ஷிப்ல ஸ்டைபண்ட் கிடைக்கலைன்னு புலம்பற நமக்கு இது ஒரு பாடம்தான். என்ன, அவருக்குப் பின்னால அப்பா கடை இருந்தது. அதையும் சொல்லணும்.

1882-ல் மாஸ்கோவில் அகில ரஷ்யக் கண்காட்சி. ஹெர்மிடாஜ் புதையல்களைப் பார்த்துச் செய்த நகைகளோடு ஃபபெர்ஜே கடை விரித்தார். தங்கப் பதக்கம் கிடைத்தது. மகாராணி மரியா சில்வண்டு வடிவ கஃப்லிங்க் ஒரு ஜோடி வாங்கினார். 1885-ல் ஈஸ்டருக்கு அவர் கணவர் மூன்றாம் அலெக்ஸாண்டர் முதல் முட்டையை ஆர்டர் கொடுத்தார். வெளியே வெள்ளை எனாமல், உள்ளே தங்க மஞ்சள்கரு, அதுக்குள்ள ஒரு தங்கக் கோழி. அதே வருஷம் அரண்மனை நகைக்காரர் என்ற பட்டமும் வந்தது.

எடைக்கு விலையா, வேலைக்கு விலையா?

அந்தக் காலத்து நகை வியாபாரத்தில் பெருமை எல்லாம் கல்லின் சைஸில் இருந்தது. எத்தனை காரட் வைரம், எத்தனை மணி முத்து, அவ்வளவுதான் கணக்கு. ஃபபெர்ஜே இதைத் திருப்பிப் போட்டார். அவர் கடையில் வித்த சாமான்களில் பெரும்பாலானவை வெள்ளி, எனாமல், சைபீரியக் கல், மரம். சிகரெட் பெட்டி, மேஜைக் கடிகாரம், குடைப்பிடி, காலிங்பெல் பொத்தான். அப்புறம் நூத்துக்கணக்கில் படச்சட்டங்கள்.

படச்சட்டத்துக்கு ஏன் இவ்வளவு கிராக்கி? காலம் அப்படி. போட்டோகிராஃபி அப்போதான் வீட்டுக்குள்ள வந்தது. நிக்கோலஸ் குடும்பமே கேமராவும் கையுமா அலைஞ்ச குடும்பம். தாங்களே படம் எடுத்து ஆல்பம் ஒட்டுவார்கள். அதோட ஐரோப்பிய ராஜ வீடுகள் எல்லாம் ஒருத்தருக்கொருத்தர் சொந்தம். நிக்கோலஸின் அம்மா மரியாவும் இங்கிலாந்து ராணி அலெக்ஸாண்ட்ராவும் டென்மார்க்கில் பிறந்த அக்கா தங்கைகள். ஒருத்தி ரஷ்யாவுக்கு வாழ்க்கைப்பட்டாள், ஒருத்தி லண்டனுக்கு. பிறந்தநாள், கிறிஸ்துமஸ், ஈஸ்டர்னு வருஷம் பூரா பரிசு போய்க்கிட்டும் வந்துக்கிட்டும் இருக்கும். வைரம் கொடுத்தா யாருக்கும் புதுசு இல்லை, எல்லார் வீட்டிலும் மூட்டை மூட்டையா இருக்கு. ஆனா அக்கா பையன் படம், அழகான சட்டத்துல? அது வேற விஷயம். ஃபபெர்ஜே பிடிச்சது இந்த நாடியைத்தான். 1903-ல் லண்டனிலும் ஒரு கிளை வந்தது. சயாம் மன்னர் சூலாலங்கார்ன் வரைக்கும் வாடிக்கையாளர்கள்.

சரி, அந்தச் சட்டத்துல அப்படி என்னதான் வேலை? மெக்கானிக்கல், மெட்டலர்ஜி மக்கள் கொஞ்சம் கவனிங்க.

முதல்ல வெள்ளித் தகடு. அதை ரோஸ் எஞ்சின் என்ற ஒருவகை லேத்தில் ஏத்துவாங்க. அதுல இருக்கற அலைவிளிம்புச் சக்கரம் நம்ம கேம் மாதிரி வேலை செய்யும். அது அசைய அசைய, வெட்டுளி தகட்டில் அலை அலையா, சூரியக்கதிர் மாதிரி கோடுகள் போடும். இதுக்குப் பேர் கில்லோஷ். அதுக்கு மேல எனாமல், அதாவது நிறம் சேர்த்த கண்ணாடிப் பொடி. ஒரு பூச்சு பூசி, சுமார் 700 முதல் 800 டிகிரி செல்சியஸில் சுட்டு, ஆறவைத்து, அடுத்த பூச்சு. இப்படி ஐந்து ஆறு பூச்சு. உலோகமும் கண்ணாடியும் சூட்டில் விரியற அளவு வேற வேற. அது ஒத்துப்போகலைன்னா ஆறும்போது விரிசல் விழும், இல்லைன்னா அப்படியே பெயர்ந்து வரும். தகடு வளையாம இருக்க, கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்திலும் எனாமல் பூசணும். ஆறாவது சூட்டில் தப்பு நடந்தா முதல் அஞ்சும் போச்சு. கடைசியில் மரச்சக்கரத்தில் மணிக்கணக்கா பாலிஷ். வெளிச்சம் கண்ணாடிக்குள்ள போய், அடியில இருக்கற கோடுகளில் பட்டுத் திரும்பும்போது, பட்டுத்துணி அசையற மாதிரி ஒரு மினுமினுப்பு வரும். 140-க்கு மேற்பட்ட நிறங்கள் அவர்களிடம் இருந்தன.

இன்னொரு சின்னக் கணக்கு. ரஷ்யாவில் அப்போ தரத்தை 96-க்கு எத்தனை என்று சொல்வார்கள். 56 முத்திரை என்றால் நம்ம 14 காரட் தங்கம். வெள்ளியில் 88 முத்திரையும் உண்டு. 88-ஐ 96-ஆல் வகுத்துப் பாருங்க, 0.916 வரும். கோயமுத்தூர்க்காரனுக்கு 916 எண்ணைச் சொல்லித்தரணுமா? ஆனா இங்க அது தங்கம் இல்லை, வெள்ளி. அந்த மாதிரி வெள்ளித் தகட்டைத்தான் ராஜ வீடுகளுக்குப் பரிசாப் போற சாமானா மாத்தினாங்க. மாத்தினது எது? செய்கூலி. வேற ஒண்ணுமில்லை.

சட்டத்தின் விளிம்பில் இரண்டு எழுத்து

இப்போ செல்வபுரம் கேள்விக்கு வருவோம். இதையெல்லாம் செஞ்சது யாரு?

ஃபபெர்ஜே இல்லை. அவர் கைப்பட செஞ்சதுன்னு காட்ட அநேகமா எதுவுமே இல்லை. அவர் வடிவம் யோசிச்சார், வரைபடத்தைத் திருத்தினார், ஆள் தேடினார், தரம் பார்த்தார், வித்தார். வேலை நடந்தது தலைமைக் கைவினைஞர்களின் பட்டறைகளில். ஒவ்வொருத்தருக்கும் தனிப் பட்டறை, தன் கீழே தொழிலாளிகள். 1900-ல் அதே போல்ஷாயா மோர்ஸ்காயா தெருவில் 24-ஆம் எண்ணில் சொந்தக் கட்டடம் எழுந்தப்ப, கீழே கடை, மேலே பட்டறைகள். மாஸ்கோ, ஒடெஸா கிளைகளையும் சேர்த்தால் சுமார் 500 பேர் வேலை செய்த நிறுவனம் அது.

முதல் கோழி முட்டையைச் செய்தவர் எரிக் கோலின், ஃபின்லாந்துக்காரர். அவருக்கு அப்புறம் தலைமைக்கு வந்தவர் மிகயில் பெர்கின். விவசாயக் குடும்பத்துப் பையன், 26 வயசுல அந்த இடத்துக்கு வந்தார், 1903-ல் இறக்கற வரைக்கும் இருந்தார். அடுத்து ஹென்ரிக் விக்ஸ்ட்ரோம், அவரும் ஃபின்லாந்து. இவங்க ஒவ்வொருத்தர் எழுத்தும் சாமானின் விளிம்பில் முத்திரையா இருக்கும். பெர்கின்னா ரஷ்ய எழுத்தில் மி.பெ., விக்ஸ்ட்ரோம்னா ஹெ.வி. கம்பெனிப் பேருக்குப் பக்கத்திலேயே. அதனாலதான் நூத்திச் சொச்சம் வருஷம் கழிச்சு, ரஷ்யாவைப் பார்க்காத ஒரு சூலூர்க்காரன், ஒரு விவசாயி மகனின் பேரை இங்க எழுத முடியுது.

ஒரு பொண்ணு கதையும் உண்டு. ஆல்மா பில். இருபத்திச் சொச்சம் வயசு. நகைகளின் படத்தைப் பதிவேட்டில் வரையற வேலைக்கு வந்தவள். பட்டறை ஜன்னலில் படிஞ்ச உறைபனியைப் பார்த்து அவள் வரைஞ்ச வடிவம்தான் 1913-ன் குளிர்கால முட்டை. அடுத்த வருஷம் மொசைக் முட்டை. மாமியார் எம்பிராய்டரி போடறதைப் பார்த்து அந்த யோசனை வந்ததாம். பிளாட்டினச் சல்லடையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் அளவெடுத்து வெட்டின கல்லைப் பதிச்சு, பூவா மாத்தினது. இன்னைக்கு நாம பிக்ஸல்னு சொல்றதை அவள் மாணிக்கத்துலயும் மரகதத்துலயும் செஞ்சாள். புரட்சிக்குப் பிறகு ஃபின்லாந்து போய், ஒரு சின்ன ஊர்ப் பள்ளியில் டிராயிங் டீச்சரா காலத்தைக் கழிச்சார். சக்கரவர்த்திக்கு வடிவம் வரைஞ்சவங்க நமக்கு டிராயிங் எடுக்கறாங்கன்னு அந்தப் பசங்களுக்குத் தெரியாது.

ஒன்று, இரண்டு, ஐந்து

மறுபடி குடும்பப் படத்துக்கு வருவோம். 1897 இதயத்தில் ஒரே குழந்தை, ஓல்கா. 1898-ல் லில்லி மலர் முட்டையிலிருந்து மேலெழும் சின்னச் சட்டங்களில் ஓல்காவும் தத்தியானாவும். 1914-ல் ஆல்மாவின் மொசைக் முட்டைக்குள்ள இருந்த சட்டத்தில் ஐந்து முகங்கள்: ஓல்கா, தத்தியானா, மரியா, அனஸ்தாசியா, கடைசியா தம்பி அலெக்ஸி. வேற எதையும் படிக்காம, இந்தச் சட்டங்களை வரிசையா வெச்சாலே ஒரு குடும்பம் வளர்ந்தது தெரியும்.

அதே 1914-ல் முதல் உலகப்போர். பட்டறை ஆட்கள் போர்முனைக்குப் போனாங்க. மிச்சம் இருந்தவர்கள் ராணுவத்துக்குச் சாமான் செய்தார்கள். 1916-ன் ஒரு முட்டை வெறும் எஃகு. நாலு பீரங்கிக் குண்டு வடிவங்களின் மேல நிக்குது. 1917-ல் நிக்கோலஸ் பதவி இழந்தார். அந்த வருஷ முட்டைகள் போய்ச் சேரவே இல்லை.

அடைக்கலம் தர முன்வந்த பிரிட்டன் பின்வாங்கியது. அந்தப் பின்வாங்கலில் அங்கே அரியணையில் இருந்த ஐந்தாம் ஜார்ஜுக்கும் பங்கு உண்டு. ஜார்ஜ் யார்? அந்த டென்மார்க் அக்காவின் மகன், நிக்கோலஸுக்குப் பெரியம்மா பையன். 1918 ஜூலையில் எகாதெரின்பர்க்கில் ஒரு வீட்டின் அடித்தள அறையில் நிக்கோலஸ், அலெக்ஸாண்ட்ரா, ஐந்து பிள்ளைகள் எல்லாரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

ஒரு பக்கம் சரித்திர நியாயமும் பேசணும். அந்த ரஷ்யாவில் கோடிக்கணக்கான விவசாயிகள் வறுமையில் கிடந்தார்கள். மக்கள் கோபம் சும்மா வரலை. வைரம் பதிச்ச முட்டை அவங்க கண்ணுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்னு நமக்குப் புரியும். ஆனா அந்தப் படத்துல இருக்கற அஞ்சு முகங்களைப் பார்த்துட்டு, அதை மட்டும் சொல்லி முடிச்சுக்க என்னால முடியலை.

1933-ல் சோவியத் அரசு வித்த சாமான்களில் ஒன்றாக அந்த மொசைக் முட்டை லண்டன் கடைக்கு வந்தது. வாங்கினது அதே ஐந்தாம் ஜார்ஜ். அந்த ஐந்து பிள்ளைகளின் முகத்தோட அது இன்னைக்கும் பிரிட்டிஷ் அரச சேகரிப்பில் இருக்கு. அதைக் கையில் வாங்கினப்ப அவர் மனசுல என்ன ஓடியிருக்கும்?

கடைசிக் காலம்

1918-ல் ஃபபெர்ஜேயின் நிறுவனம் அரசுடைமை ஆனது. அந்த செப்டம்பரில், 72 வயசுல, ஒரு தூதரக ரயிலில் ஏறி ரீகாவுக்குத் தப்பினார். அங்கயும் நிலைமை மோசமாக, ஜெர்மனி. மனைவியும் மூத்த மகன் யூஜினும் பனிக்காலத்தில், வண்டியிலும் நடந்துமா ஃபின்லாந்து எல்லையைத் தாண்டினார்கள். உயிரோட சேர்ந்துட்டாங்க. ஆனா ஃபபெர்ஜேக்குத் தொழில் போனதோட உள்ளுக்குள்ள எல்லாம் போச்சு. 1920 செப்டம்பர் 24-ல் சுவிட்சர்லாந்தின் லொசானில் இறந்தார். பிற்பாடு யூஜின், அப்பாவின் அஸ்தியை பிரான்சின் கான் ஊரில் அம்மா கல்லறையில் சேர்த்தார். மத நெருக்கடியில் பிரான்சைவிட்டுக் கிளம்பின குடும்பம், சுத்தி வந்து அதே மண்ணுல முடிஞ்சது.

பேரும் தங்கலை. அமெரிக்காவில் ஒருத்தர் ஃபபெர்ஜே பேரில் சென்ட் விக்க ஆரம்பித்தார். வாரிசுகள் சண்டை போட்டு, 1951-ல் 25,000 டாலருக்குச் சமாதானம் ஆனது. நம்ம ஊர் கடைகளில் பார்த்திருப்பீங்களே, புரூட் சென்ட், அது அந்தப் பேரில் வந்த சரக்குதான். மூணு தலைமுறை உழைப்பு, கடைசியில் ஒரு பாட்டில் லேபிள்.

இன்னொரு சம்பவத்தையும் சொல்லியாகணும். அமெரிக்காவில் பழைய தங்கம் வாங்கி உருக்கற வியாபாரி ஒருத்தர், சுமார் 14,000 டாலர் கொடுத்து ஒரு சின்னத் தங்க முட்டை வாங்கினார். உருக்கினா சில நூறு டாலர் லாபம்னு கணக்கு. எடை போட்டுப் பார்த்தவங்க அவ்வளவு பெறாதுன்னுட்டாங்க. நஷ்டத்துக்கு விக்க மனசில்லாம வீட்லயே வெச்சிருந்தார். ஒரு நாள் கூகுளில் தேடினப்பதான், அது 1887-ன் காணாமப் போன அரச முட்டைன்னு தெரிஞ்சது. 2014-ல் உலகத்துக்கே செய்தி. தராசு சொன்ன கணக்கை நம்பியிருந்தா, அது என்னைக்கோ உருகிப் போயிருக்கும்.

அந்தச் சிவப்பு இதயமும் தப்பிச்சது. வெளியே இருந்த ஊதா முட்டை எங்க போச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தகவல் இல்லை. சட்டம் மட்டும் கை மாறி கை மாறி, 2004-ல் ரஷ்யாவுக்கே திரும்பி, இப்போ செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஃபபெர்ஜே அருங்காட்சியகத்தில் இருக்கு. ஓல்கா அதுக்குள்ள இன்னும் ஒன்றரை வயசுக் குழந்தைதான்.

நம்ம ஊருக்கும் இந்த வேலை புதுசு இல்லைங்க. சூலூர் குளத்துக்குத் தண்ணி தர்ற இதே நொய்யல் கரையில், கீழே கொடுமணலில், இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தியே கல் வெட்டி, துளை போட்டு, மணி செஞ்ச பட்டறைகளைத் தோண்டி எடுத்திருக்காங்க. பக்கத்துப் படியூர்ப் பச்சைக்கல் வேற. அதைச் செஞ்ச கை யாருதுன்னு நமக்குத் தெரியாது.

போன வாரம் மறுபடி செல்வபுரம் போயிருந்தேன். ரூம்மேட்டோட அப்பா ஒரு கம்மலை முடிச்சு, பூதக்கண்ணாடி வெச்சுப் பார்த்துக்கிட்டிருந்தார். விளிம்பில் உங்க எழுத்து ரெண்டு போட்டா என்னங்கன்னு கேட்டேன். சிரிச்சுட்டு, கடைக்காரர் வாங்க மாட்டார்னு சொன்னார். அப்புறம் கொஞ்ச நேரம் அந்தக் கம்மலையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டிருந்தார்.